நாட்டுடைமையான இடது கால்

காலை நீட்டி உட்காருங்கள், கண்ணுகளா. ரெண்டு காலும் நம்முடையதாக இருக்கும்போதே நீட்டிக்கொள்வது நல்லது. இது ஒரு காலின் கதை. அந்தக் காலுக்குக் கண்ணாடி வீடு கிடைத்தது, காவலாளி கிடைத்தான், மலர்வளையம் கிடைத்தது. காலுக்குச் சொந்தக்காரருக்கு என்ன கிடைத்தது என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சொந்தக்காரர் பட்டாளத்தில் ரொட்டி வண்டி ஓட்டியவர். சிப்பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு காலையில் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கியது. என்னவென்று பார்க்க இறங்கியவர், மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த வெடியை மிதித்துவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வண்டியிலிருந்த நானூறு ரொட்டிக்கும் ஒரு கீறல் இல்லை. "அன்னைக்குக்கூட ரொட்டி நேரத்துக்குப் போயிடுச்சு" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. வேறு பெருமை எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவே, ஒரு தகரக் கொட்டகை. அதுதான் கால் பட்டறை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரே ஒரு பெண் கால் செய்துகொண்டிருந்தாள். கால் அக்கா என்று பெயர். வெட்டுப்பட்ட காலைச் சுற்றி ஈர மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்செடுப்பாள். அந்த அச்சை வைத்து, குறைக்கால் உட்காருவதற்கு ஒரு கிண்ணம் வார்ப்பாள். அதற்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே பாதம், மேலே கட்ட ஒரு வார். கேட்க எளிதாக இருக்கிறது. கிண்ணம் ஒரு நூல் இறுகினாலும் புண், ஒரு நூல் தளர்ந்தாலும் புண். குறைக்கால் வருஷா வருஷம் மெலியும். ஆக, ஒருமுறை கால் வாங்கியவர் ஆயுசுக்கும் அங்கே வந்தாகவேண்டும். எண்பது பேர் அப்படி வந்து போனார்கள்.

கூரைதான் ஒழுகியது. மழை பெய்தால் மாவு மூட்டைகள் நனைந்து கல்லாகிவிடும். கால் அக்கா ஆறு வருஷமாக நகர மன்றத்துக்கு மனு எழுதினாள். ஆறு முறையும் ஒரே பதில் வந்தது: "தங்கள் மனு கிடைத்தது. தங்கள் கால் விரைவில் குணமடைய வாழ்த்துகள்."

ஏழாவது மனுவைச் சிப்பாய் தானே எடுத்துக்கொண்டு ஆளும் கட்சியின் அலுவலகத்துக்குப் போனார். கட்சிச் செயலாளர் மனுவைப் பார்க்கவில்லை. சிப்பாயின் கால்சட்டை நுனியைப் பார்த்தார். மற்ற விஷயங்களில் மந்தமானாலும் இந்த விஷயத்தில் அவருக்குக் கழுகுக் கண்.

"எந்தக் கால்?"

"இடதுங்க."

"போர்லயா?"

"போர் நடந்த இடத்துலங்க. டயர் பார்க்க இறங்கி..."

"டயர விடுங்க. போர்ல. எதிர்க்கட்சிக்காரங்ககிட்ட ரெண்டு விரல் இல்லாத ஒரு ஆள் இருக்கான். அதை வெச்சுக்கிட்டே என்னா ஆட்டம் போடுறாங்க! நமக்கு முழங்கால் வரைக்கும் கிடைச்சிருக்கு. நீங்கதான் நம்ம வேட்பாளர்."

"நான் கூரை விஷயமா வந்தேங்க."

"மன்றத்துக்குள்ள போய்ப் பேசுங்க. கூரை என்ன, வானமே போட்டுத் தரலாம். ஒரே ஒரு குறை. வாசல்லேர்ந்து இங்க வரைக்கும் நடந்தா வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்படியெல்லாம் நடக்கக் கூடாதுங்க. ரொம்ப நல்லா நடக்குறீங்க. பாக்குறவனுக்கு ஒண்ணுமே தோணாது. கால கழட்டிட்டு வாங்க."

சிப்பாய் வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் மனைவி துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவள், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றை எடுக்காமலே பேசினாள்.

"ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டு நடக்கக் கத்துக்கிட்டீங்க. இப்ப விழக் கத்துக்கப் போறீங்களா?"

"கூரைக்காகத்தான்."

"கூரைக்காகக் கால குடுத்த ஒரே ஆளு நீங்கதான்."

அவர் ஊன்றுகட்டைகளை அக்குளில் கொடுத்து நின்று பழக்கமில்லாதவர். முதல் கூட்டத்திலேயே மேடையில் குப்புற விழுந்தார். கூட்டம் கைதட்டியது. மறுநாளிலிருந்து அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அது ஏறிவிட்டது: நாலு மணிக்கு வரவேற்புரை, நாலேகாலுக்குத் தலைவர் உரை, ஐந்துக்கு வேட்பாளர் விழுதல், ஐந்து ஐந்துக்கு நன்றியுரை. ஒருநாள் அவர் தவறிப்போய் விழாமல் நின்றுவிட்டார். செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அடுத்த ஊர்லயாவது மனசு வைங்க" என்றார்.

கதையும் வளர்ந்தது. முதல் வாரம் அவர் ரொட்டி கொண்டுபோனார். இரண்டாம் வாரம் குண்டு கொண்டுபோனார். மூன்றாம் வாரம் தளபதியையே தோளில் சுமந்துகொண்டு ஒற்றைக்காலில் நாற்பது மைல் ஓடினார். மேடையில் உட்கார்ந்திருந்த சிப்பாய்க்கே, அந்த ஆள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் பாவம் என்று தோன்றியது.

கழற்றின கால் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். செயலாளர் அதை வாங்கிக் கட்சி அலுவலகக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி விரித்து நிறுத்தினார். எழுதிப்போட ஓர் ஆளை ஏவினார். அந்த ஆள் கேள்வி கேட்டு வளர்ந்தவனல்ல. பொன் எழுத்தில் எழுதிவிட்டான்: "நாட்டுக்காக இழந்த கால்."

சிப்பாய் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயா, இழந்த கால் இது இல்லைங்க. இழந்த பிறகு போட்டுக்கிட்ட கால். அந்தக் கால் மண்ணோட போச்சு."

"மக்கள் வந்து அழுதுட்டுப் போறாங்க."

"கிண்ணம் இருக்கு, குழாய் இருக்கு, நட்டு போல்ட்டு தெரியுது பாருங்க."

"நட்டு போல்ட்டு பட்டறைக்காரனுக்குத் தெரியும். மக்களுக்குத் தியாகம்தான் தெரியும்" என்றார் செயலாளர். "நேத்துக்கூட ஒரு வாத்தியார் வந்தாரு. அந்தக் காலத்துலயே எவ்வளவு உறுதியான எலும்புன்னு சொல்லிட்டுப் போறாரு."

சிப்பாய் அமோகமாக ஜெயித்தார்.

நகர மன்றம் இரண்டாம் மாடியில். நாற்பத்திரண்டு படி. மின்தூக்கி உண்டு, ஆனால் அது மன்றத் தலைவருக்கும் கோப்புகளுக்கும் மட்டும். உறுப்பினரை நாற்காலியில் வைத்து இரண்டு பணியாளர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்குப் படி புகைப்படம் எடுத்தார்கள்.

அந்த மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே யாரும் வாயால் "வேண்டாம்" என்று சொல்லக்கூடாது, அது நாகரிகமில்லை. எழுத்தர் தீர்மானத்தை வாசிப்பார். "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்" என்பார். எதிர்ப்பவர் தம் இரண்டு கால்களில், எதையும் பிடிக்காமல், மூன்று முறை மணி அடித்து முடியும்வரை நிற்கவேண்டும். அப்படி எழுதி வைத்திருக்கிறது. முன்னொரு காலத்தில் ஓர் உறுப்பினர் முதுகு சொறிய அரைவாசி எழுந்து, எதிர்ப்பு என்று பதிவாகி, ஒரு மாதம் குழப்பமாகிவிட்டதாம். அதற்குப் பிறகு வந்த ஒழுங்கு. யாரும் நிற்காவிட்டால் "ஒருமனதாக நிறைவேறியது" என்பார் எழுத்தர். பதினெட்டு வருஷமாக யாரும் நின்றதில்லை. சிலர் தூங்கிக்கொண்டே ஒருமனதாக இருந்தார்கள்.

முதல் கூட்டத்தின் பதினான்காம் தீர்மானம் இது: கண்ணாடிப் பெட்டியில் உள்ளது உறுப்பினரின் இடது காலே என்றும், அது இனி நாட்டின் சொத்து என்றும் இம்மன்றம் அறிவிக்கிறது.

"ஐயா" என்று வாயைத் திறந்தார் சிப்பாய்.

"எதிர்க்கிறதுன்னா எழுந்து நில்லுங்க" என்றார் மன்றத் தலைவர் கனிவாக.

மணி மூன்று முறை அடித்தது. ஒருமனதாக நிறைவேறியது.

கூரை மனுவுக்கும் வழி பிறந்தது. "காயமுற்ற வீரர் நல உயர்மட்டக் குழு" என்று ஒன்று போட்டு, சிப்பாயையே அதற்குத் தலைவராக்கினார்கள். குழு கூடுவதற்கு அறை இல்லை, அறை ஒதுக்க ஒரு குழு வேண்டும், அந்தக் குழு இன்னும் போடப்படவில்லை. ஐந்து மாதம் போயிற்று, மழையும் வந்தது. கால் அக்கா மாவு மூட்டைகளைத் தன் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டுத் தரையில் படுத்தாள்.

ஆறாம் மாதம் கொட்டகையைப் பற்றிய தீர்மானம் வந்தே விட்டது. கொட்டகையை இடித்துவிட்டு அதே இடத்தில் வீரர் தியாக மண்டபம் கட்டுவது. நடுக் கூடத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. மன்றத் தலைவர் அதை அறிமுகப்படுத்திப் பேசினார்.

"கால் செய்வது யாராலும் முடியும். இந்த மன்றத்தால் மட்டும்தான் காலை நினைவுகூர முடியும்! ஒரு பட்டறை வாரத்துக்கு ஒரு கால் செய்கிறது. அந்தக் காலைப் போட்டுக்கொண்டு அந்த மனிதன் என்ன செய்கிறான்? நடந்து போய்விடுகிறான். நமக்கு என்ன மிச்சம்? மண்டபமோ, ஒரே நாளில் ஆயிரம் பேரை அழவைக்கும். நடக்கிறவனை நாடு மறந்துவிடும். நடக்க முடியாதவனை நாம் மறக்கவே மாட்டோம். அவன் நடக்காமல் இருக்கும்வரை அவனுக்கு நாம் செய்யாத மரியாதை இல்லை!"

சிப்பாய்க்கு அன்றுதான் புரிந்தது. எண்பது பேருடைய கால்கள் போகப்போகின்றன. தடுக்க ஒரே வழி, எழுந்து நிற்பது. நிற்கிற காலோ பெட்டிக்குள் இருக்கிறது.

கட்சி அலுவலகத்துக்குப் போய்க் காலைக் கேட்டார். பெட்டிக்குக் காவலாளி போட்டிருந்தார்கள்.

"என் காலுங்க. ஒரு நாளைக்கு மட்டும்."

"உங்க காலா? நாட்டோட காலுங்க. நீங்களே ஒருமனதா நிறைவேத்தியிருக்கீங்க."

"போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"போடுறதா!" காவலாளி காதைப் பொத்தினான். "அதுக்குள்ள கால விடுறதா? எவ்வளவு பேர் கும்பிட்ட கால் சார் அது. தள்ளி நில்லுங்க, கண்ணாடியில கை படுது."

சிப்பாய் கட்டையை ஊன்றிக் கால் பட்டறைக்குப் போனார். கால் அக்கா சத்தம் போடவில்லை. அவருடைய குறைக்காலைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏழு மாசம் சும்மா கிடந்து எப்படி இளைச்சிருக்கு பாரு. உன் கட்சிக்காரங்க நல்லாத்தான் கவனிச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைதானே? உட்காரு தம்பி."

"மாவு இருக்கா அக்கா?"

"கட்டில்ல ஒரு மூட்டை இருக்கு. பாதம்தான் இல்லை."

வரிசையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் தன் மாற்றுப் பாதத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது சிப்பாயின் வலது பாதத்தைவிட ஓர் அங்குலம் நீளம். சமையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா, "என்னோட பழைய குழாய் வீட்டு மூலைலதான் கிடக்கு, மருமக அதுல துணி காயப்போடுறா, பிடுங்கிட்டு வரேன்" என்று போய்க் கொண்டுவந்தாள். வாரைச் சிப்பாயின் மனைவி தைத்தாள். வியாழன் மாலை கால் தயார். யார் காலோடும் ஒட்டாத ஒரு கால்தான், ஆனால் நின்றது.

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு படியும் சிப்பாய் தானே ஏறினார். மன்றக் கதவில் காவல்காரர் மறித்தார்.

"யாரு நீங்க?"

"உறுப்பினர்."

"உறுப்பினர் நடக்க மாட்டாரே. இந்தா அனுமதி அட்டையில படம், நாற்காலியில உக்காந்திருக்காரு. நீங்க நிக்கிறீங்க."

பின்னால் வந்த மனைவி, "கழட்டிக் காட்டுங்க, வேற எதை நம்புவாங்க இவங்க" என்றாள். கழற்றினார். காவல்காரர் விறைத்து நின்று வணக்கம் வைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மனைவி பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தாள்.

எழுத்தர் தீர்மானத்தை வாசித்தார். "எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

சிப்பாய் எழுந்தார். கைகளைத் தொங்கவிட்டு இரண்டு கால்களில் நின்றார். முதல் மணி. இரண்டாவது மணி. தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது மணி அடிக்கவேண்டிய பணியாளருக்குக் கை வரவில்லை. எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். எதிர்ப்பை எழுத அதில் கட்டமே இல்லை.

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். மன்றத் தலைவர் என்றால் சும்மாவா?

"விதியில் 'தம் இரண்டு கால்கள்' என்று இருக்கிறது. உறுப்பினரின் இடது கால் எங்கே இருக்கிறது?"

"பதினான்காம் தீர்மானப்படி கண்ணாடிப் பெட்டியில், தலைவரே" என்றார் எழுத்தர்.

"அப்படியானால் இந்தக் கால் யாருடையது?"

பட்டாளத்தில் கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லிப் பழகியவர் சிப்பாய். "பாதம் தபால்காரரோடதுங்க. குழாய் ஒரு சமையல்காரம்மாவோடது. வார் என் மனைவி தைச்சது."

"கேட்டீர்களா! உறுப்பினர் அல்லாத மூன்று பேர் அனுமதியில்லாமல் இந்த அவைக்குள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வெளியேற்றுங்கள்!"

இரண்டு பணியாளர்கள் வந்தார்கள். ஒருவர் சிப்பாயின் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் வாரை அவிழ்த்தார். காலை மரியாதையாக இரண்டு கையிலும் ஏந்தி வெளியே கொண்டுபோய், அத்துமீறியவர்களை உட்காரவைக்கும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

சிப்பாய் உட்காரவில்லை. வலது காலில் நின்றார். தொடை நடுங்கியது. வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்தது. மேசையைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் எதிர்ப்பு ஆகாது என்று கையைத் தொங்கவே விட்டிருந்தார். மூன்றாவது மணி அடிக்கவில்லை. அடிக்கவேண்டாம் என்று தலைவர் சாடை காட்டியிருந்தார்.

கடைசியில் விழுந்தார்.

அவை முழுக்கக் கைதட்டியது. தேர்தல் காலத்திலிருந்தே அவர்களுக்கு அது பழக்கம். மணி அடித்தது. "ஒருமனதாக" என்றார் எழுத்தர்.

மாடத்திலிருந்து இறங்கி வந்த மனைவி அவரைத் தூக்கி உட்காரவைத்து முகத்தைத் துடைத்தாள். வாயில் அன்று குண்டூசி இல்லை. பிறகு காதோடு கேட்டாள்: "ஏங்க, இவங்க தீர்மானம் வாசிக்கிறப்போ ஒருத்தராவது காதுல வாங்குறாங்களா?"

சிப்பாய் யோசித்துப் பார்த்தார். "இல்லை" என்றார்.

"நீங்க ஒரு குழுவுக்குத் தலைவர்தானே? நீங்களும் ஒண்ணு வாசிங்களேன்."

மறுவாரம் கூட்டத்தில் சிப்பாய் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, உயர்மட்டக் குழுவின் சார்பில் ஒரு தீர்மானம் வாசித்தார். நாட்டின் கால் நாளடைவில் கெட்டுப்போகாமல் இருக்க, மண்டபத்தின் பின்பக்கம் ஒழுகாத கூரையுடன் ஓர் அறை அமைத்து, கால் செய்யத் தெரிந்த ஒருவரை நியமித்து, பெட்டியின் சாவியையும் தேவையான மாவு, குழாய், பாதம், வார் எல்லாவற்றையும் தேவைப்படும் அளவு தருவது.

"எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

ஒருவரும் நிற்கவில்லை. மூன்று மணியும் நன்றாகவே அடித்தன.

அடுத்த தீர்மானம் அவருடைய ராஜினாமா. அதுவும் ஒருமனதாக.

கொட்டகை இடிந்தது. மண்டபம் எழும்பும்வரை கால் அக்கா துணி வெளுக்கும் கூடத்தின் ஒரு மூலையில், ஈரச் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு எட்டு மாதம் கால் செய்தாள். பிறகு பின்னறைக்குக் குடிவந்தாள். எண்பது பேரும் வந்துபோனாலும், அவளுடைய பதிவேட்டில் இன்றைக்கும் ஒரே ஒரு காலின் பழுதுதான் எழுதியிருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் அந்த ஒரு காலுக்கு இருபத்தாறு பாதம், பதினேழு கிண்ணம், நாற்பது வார் மாற்றப்பட்டிருந்தன. பார்வையிட வந்த மேலதிகாரி, "ஒரு காலை இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கும் இடத்தை நான் பார்த்ததில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாவி கைக்கு வந்த அன்றே கால் அக்கா பெட்டியைத் திறந்து சிப்பாயின் காலை வெளியே எடுத்துவிட்டாள். வெல்வெட் காலியாக இருந்தால் நன்றாக இருக்காதல்லவா? சிப்பாயின் மனைவி வேலை பார்க்கும் துணிக்கடையில், சேலைக்கு நிறுத்தும் உடைந்த பொம்மை ஒன்று கிடந்தது. அதன் கால் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு பூட்ஸை மாட்டிப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள். அது வலது கால். நகத்தில் சிவப்புச் சாயம்கூட இருந்தது, பூட்ஸ் மறைத்துக்கொண்டது.

திறப்பு விழாவில் தலைவர் மலர்வளையம் வைத்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "இந்தக் காலைப் போர்க்களத்திலேயே நான் பார்த்திருக்கிறேன்" என்றார். செயலாளர் கைக்குட்டை நீட்டினார். கூட்டம் விசும்பியது.

அப்போது ஓர் ஆள் கூடத்தின் ஓரமாகப் பின்னறையை நோக்கி நடந்துபோனார். தலைவர் அவரைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லையே, கால் இல்லாத இடத்தைத்தானே பார்த்தார்.

"அதோ போகிறார் பாருங்கள் ஒருவர்!" என்று தலைவர் ஒலிபெருக்கியில் விரலை நீட்டினார். "இங்கே இவ்வளவு பேர் அழுதுகொண்டிருக்கிறோம், அவர்பாட்டுக்கு நடந்துபோகிறார். இரண்டு காலும் நன்றாக இருக்கிறவர்களுக்குத் தியாகத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது?"

கூட்டம் திரும்பி அவரை முறைத்தது. சிப்பாய், மன்னிக்கவேண்டும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் பின்னறைக் கதவைத் தள்ளினார். உள்ளே தபால்காரர், சமையல்காரம்மா, இன்னும் நாலைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். மேலே கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"என்ன தம்பி?"

"கிண்ணம் கொஞ்சம் லூசா இருக்கு அக்கா."

"இளைச்சிருக்கும். வரிசையில உட்காரு."